ஆள் காட்டாத ஆள்காட்டி விரல்

அரக்கனுக்கு ஜுரம் இருக்கிறதா என்று யாரோ நெற்றியில் கை வைத்துப் பார்த்த மாதிரி இருந்தது. கொழுந்தனுக்கு அப்படித்தான் தோன்றியது; தோன்றியதை அப்படியே வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தான். அண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். எதிரே நின்ற ஒப்பனைக்காரி அழுது முடித்த முகத்தோடு இருந்ததை அவன் அப்புறம்தான் கவனித்தான்.

அண்ணி என்றால் அவனுக்கு அண்ணி, சொந்த அண்ணன் மனைவி. மற்றவர்களுக்கு அவள் துப்பறிவாளர். காணாமல் போன நாயிலிருந்து கள்ளக் கையெழுத்து வரை கண்டுபிடித்துக் கொடுப்பவள். ஸ்கூட்டர் ஓட்டுவது, குறிப்பெடுப்பது, கேட்காமலே கருத்துச் சொல்வது ஆகிய மூன்றும் கொழுந்தனின் பொறுப்பு. மூன்றாவதைச் செய்யச் சொல்லி யாரும் அவனை வைத்துக்கொள்ளவில்லை என்று அண்ணி பலமுறை சொல்லிவிட்டாள். ஆனால் முப்பத்தைந்து வயதில் அவன் மனசாரச் செய்த வேலை அது ஒன்றுதான்.

அந்த வீட்டின் பின்னறைதான் பட்டறை. அலமாரியில் காதுகள் ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தன. பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் உள்ளே மூக்குகள். ஒப்பனைக்காரி நாடகங்களுக்குப் பொய் முகம் செய்பவள். களிமண்ணில் முகம் பிடித்து, அதன்மேல் பிளாஸ்டர் பூசி அச்செடுத்து, அச்சுக்குள் சிலிகானை ஊற்றினால் மறுநாள் முகம் உரிந்து வரும். இதுவரை பள்ளிக்கூட நாடகங்களுக்குச் செய்துகொண்டிருந்தவளுக்கு முதல் தடவையாகப் பெரிய அரங்கத்திலிருந்து அழைப்பு. கதாநாயகனே ஒரு கிழட்டு அரக்கன். நாடகம் இன்று மாலை ஏழு மணிக்கு. இப்போது மணி ஒன்பதரை.

அரக்கனின் முகம் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. மூக்கு, தாடை, மடிப்பு மடிப்பான கன்னம் எல்லாம் அசல் தோல் மாதிரி இறுகியிருந்தன. அகலமான நெற்றி மட்டும் இறுகவில்லை. அதில் ஒரு மனிதக் கையின் அளவுக்குப் பிசுபிசுவென்று, தொட்டால் விரலோடு வருகிற கூழாக இருந்தது.

ஒப்பனைக்காரி நடந்ததைச் சொன்னாள். நேற்று மதியம் அச்சைத் தயார் செய்து வைத்துவிட்டு, மூன்று மணிக்கு நடிகரின் தலையை அளந்துவர வெளியே போனாள். ஐந்து மணிக்குத் திரும்பி, ஆறு மணிக்குச் சிலிகானை ஊற்றினாள். காலையில் திறந்தால் இந்த லட்சணம். ரப்பர் கையுறை பட்ட இடத்தில் இந்தச் சிலிகான் இறுகாதாம். ரப்பரில் இருக்கும் கந்தகம் அதற்கு ஆகவே ஆகாதாம். அதனால் அவள் வீட்டுக்குள் ரப்பர் கையுறையையே சேர்ப்பதில்லை, எல்லாம் வினைல்தான்.

"அந்த ரெண்டு மணி நேரத்துல யாரோ வேணும்னே அச்சுக்குள்ள கை வெச்சிருக்காங்க" என்றாள். "யாருன்னு தெரியாம நான் மறுபடி ஊத்த மாட்டேன். மிச்சம் இருக்கறது ஒரே ஒரு தடவைக்குத்தான்."

பன்னிரண்டு மணிக்குள் ஊற்றியாக வேண்டும். இறுகக் குறைந்தது ஐந்து மணி நேரம், வண்ணம் தீட்ட ஒரு மணி நேரம், அரங்கத்துக்குப் போய்ச் சேர அரை மணி நேரம். கொழுந்தன் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு நேரமே ஒதுக்கவில்லையே என்று மனசுக்குள் வருத்தப்பட்டான்.

சந்தேகம் இரண்டு பேர்மேல். ஒருவர், முன்பு அவளோடு கூட்டாகத் தொழில் செய்து பிரிந்துபோன மீசைக்காரர். பொய் மீசை செய்வதில் கெட்டிக்காரர்; சொந்த முகத்தில் ஒரு முடி கிடையாது. நேற்று நாலு மணிக்கு, இரவல் வாங்கிய தூரிகையைத் திருப்பிக் கொடுக்க வந்து போயிருக்கிறார். இன்னொருவர் யார் என்று சொல்லும்போது ஒப்பனைக்காரி குரலைத் தாழ்த்தவேயில்லை. கூடத்து மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவளுடைய மாமனாருக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

மாமனார் முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகளோடு பேசி இரண்டு வருஷமாகிறது. பேச்சு நின்ற அன்றைக்கு அவள் கணவனின் கையை அச்செடுக்க, வாளி நிறையப் பிளாஸ்டரைக் குழைத்து, அதற்குள் கையை முக்கச் சொன்னாள். பிளாஸ்டர் இறுகும்போது கொதிக்கும் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. இறுகின பிறகு கையை வெளியே எடுக்கவும் முடியவில்லை. சுத்தியலால் உடைத்து எடுப்பதற்குள் கை வெந்துவிட்டது. இடது மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து மாமனார் வாயைத் திறக்கவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட, மருமகள் எதிரே நிற்கும்போதே, உப்பு இருக்கிறதா என்று கேள் என மகனிடம்தான் சொல்வார்.

"இவர் வேலைதான்னு தெரிஞ்சா இந்த மாசமே வேற வீடு பாத்துப் போயிடுவேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். அவர் என்பது கணவன். லீவு போட்டுவிட்டுப் பட்டறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்த அந்த மனிதன், அண்ணியைத் தனியாக அழைத்துப்போய், எப்படியாவது அப்பா பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினான். அப்பாவை விட்டுவிட்டும் போக முடியாது, இவளை விட்டுவிட்டும் இருக்க முடியாது, என்னை இரண்டாக அறுத்துத்தான் பங்கு போட வேண்டும் என்றான். யார் பெயர் வரும் என்று தனக்கே தெரியாது என்றாள் அண்ணி.

பட்டறைச் சுவரில் பதினாலு விதிகள் எழுதி ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு விபத்துக்குப் பிறந்த பிள்ளை. கொழுந்தன் வரிசையாகப் படித்தான். ஒன்று: பிளாஸ்டருக்குள் கையை முக்காதே. நாலு: முகத்தில் அச்செடுக்கும்போது மூக்குத் துவாரத்தை அடைக்காதே, ஆள் மூச்சு விட வேண்டும். ஒன்பது: கலவைக் கிண்ணத்தையும் காபிக் கோப்பையையும் ஒரே மேஜையில் வைக்காதே. ஒன்பதாவது விதிக்குக் காரணமானவர் யார் என்று அவன் விசாரித்தபோது, வாசற்படியிலிருந்து கணவன் மெதுவாகக் கையைத் தூக்கினான். பதினாலு: கையுறை போடாமல் அச்சைத் தொடாதே.

"தம்பி, இந்தப் பிசுபிசுப்புக்கு மேல உங்க கையைப் பிடிங்க. தொடாம" என்றாள் அண்ணி.

வலது கையைப் பிடித்தான். கட்டைவிரல் எதிர்ப்பக்கமாகப் போனது. இடது கையை மாற்றியதும் கச்சிதமாகப் பொருந்தியது. உள்ளங்கை, கட்டைவிரல், நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் எல்லாம் சரி. ஆள்காட்டி விரல் மட்டும் பாதியோடு நின்றது. நுனி விழ வேண்டிய இடத்தில் சிலிகான் நன்றாக இறுகி வழவழவென்று இருந்தது.

"இடது கை. ஆள்காட்டி விரல் நுனி இல்லாத ஆள்" என்று குறிப்பெடுத்தான் கொழுந்தன். "ஆள் காட்டாத ஆள்காட்டி விரல், அண்ணி."

மீசைக்காரரின் கடை நாலு தெரு தள்ளி, ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நாடக உடுப்புகள் வாடகைக்கு விடும் கடை. குனிந்துதான் நுழைய வேண்டும். முதலில் குனிந்து நுழைந்த கொழுந்தன், நிமிர்ந்ததும் பார்த்தது அவருடைய இடது கையை. ஆள்காட்டி விரல் நுனியில் வெள்ளைக் கட்டு. பிளேடு கிழித்து மூன்று நாளாகிறதாம்.

கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. இருபது நிமிஷத்தில் முடிந்த வழக்கு. கட்டுப் போட்ட விரல் கையுறைக்குள் நுழையாது, அதனால் அந்த விரலை வெட்டிவிட்டு மாட்டியிருக்கிறீர்கள், நுனி படவில்லை என்று ஒரே மூச்சில் வழக்கை நடத்தித் தீர்ப்பும் கொடுத்துவிட்டான். மீசைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து, இதில் உட்கார்ந்து மூச்சு வாங்குங்கள் தம்பி என்றார்.

"எனக்கும் அவளுக்கும் ஆகாதுதான். மறைக்கல" என்றார் அண்ணியிடம். "ஆனா நான் கெடுக்கணும்னு நெனச்சா, நெத்தியில கை வெச்சு அடையாளத்தையா விட்டுட்டு வருவேன்? கலவை டப்பாவுல ஒரு துண்டு ரப்பரைப் போட்டா போதும். மொத்த மூஞ்சியும் கூழாயிருக்கும், அவளே தன் கலவை சரியில்லன்னு நெனச்சிருப்பா. இது தொழில் தெரியாதவன் வேலை."

அண்ணி கடைச் சுவரில் சாத்தி வைத்திருந்த ஒரு பிளாஸ்டர் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாவின் இடுப்புப் பட்டைக்கான அச்சு. 'வெற்றி' என்ற எழுத்து அதில் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் வெட்டியிருந்தது. பக்கத்திலேயே அதில் வார்த்த பட்டை தொங்கியது. அதில் எழுத்து நேராக இருந்தது.

"தம்பி, கை வெச்சது முகத்துலயா, அச்சுலயா?"

அச்சில்தான் என்றான். சொன்ன பிறகு பட்டையைப் பார்த்தான், அச்சைப் பார்த்தான், தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தான். அச்சில் இருப்பது வார்ப்பில் இடவலம் மாறித்தான் விழும். முகத்தில் இடது கை பொருந்தினால், அச்சுக்குள் போனது வலது கை. மீசைக்காரரின் வலது கை ஐந்து விரலோடும் ஆரோக்கியமாக இருந்தது. அந்தக் கையாலேயே அவர் ஒரு குவளைத் தண்ணீரைக் கொழுந்தன் பக்கம் தள்ளி வைத்தார். அவனும் அசடு வழியக் குடித்தான்.

வெளியே வந்ததும், கேஸ் புட்டுக்கிச்சா அண்ணி என்று கேட்டான். இல்லை, இப்போதுதான் நிமிர்ந்து நிற்கிறது என்றாள் அவள். ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு, ஒரு விரல் நுனியை மட்டும் வெட்டிவிட்டு யார் கையுறை போடுவார்கள், அதுவும் வலது ஆள்காட்டி விரலை, என்று அவனையே கேட்டாள். கொழுந்தன் யோசித்தான். யோசிக்கும்போது அவன் கை தன்னால் சட்டைப் பைக்குள் போய், போனை எடுத்து, வலது ஆள்காட்டி விரலால் திரையைத் தள்ள ஆரம்பித்தது.

"அதேதான்" என்றாள் அண்ணி.

அவனுக்கு எது அதே என்று விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. ரப்பர் போட்ட விரலுக்குப் போன் மசியாது. வேலைக்கு நடுவில் போனைத் தொட வேண்டியவன்தான் நுனியை வெட்டுவான். வேலைக்கு நடுவில் போனை எதற்குத் தொட வேண்டும்? அந்த வேலையை எப்படிச் செய்வதென்று அதில் பார்த்துப் பார்த்துச் செய்கிறவனாக இருந்தால் தொடலாம். அப்படியானால் வந்தவர் கெடுக்க வந்தவர் இல்லை. பாடம் படித்துக்கொண்டு வந்தவர்.

ஒப்பனைக்காரி வாரம் ஒரு பாடம் என்று வீடியோ போடுபவள். கொழுந்தன் அவற்றைத் திறந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கீழே இருந்த கருத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தான். எல்லா வீடியோவிலும் தவறாமல் ஒரே ஆசாமி இருந்தார். பெயர் 'ஓரத்து நாற்காலி'. பாராட்டு என்பதே அவர் அகராதியில் இல்லை. 'மூன்றாம் நிமிடம்: கூந்தலை முடியவில்லை. துளைக்கருவி பக்கத்தில் இருக்கிறது.' 'ஏழாம் நிமிடம்: மூச்சுக் கவசம் மூக்குக்கு. தாடைக்கு அல்ல.' 'ஜன்னல் மூடியிருக்கிறது.' 'ஜன்னல் இன்னும் மூடியிருக்கிறது.' அதற்கடுத்த வாரத்து வீடியோவில் ஜன்னல் திறந்திருந்தது.

பதினொன்றே காலுக்குத் திரும்பி வந்தபோது, ஒப்பனைக்காரி அச்சைக் கழுவி, ஸ்பிரிட் போட்டு இரண்டு முறை துடைத்து, எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரங்கத்திலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டதாம். ஓரத்து நாற்காலியைப் பற்றி அண்ணி கேட்டதும், அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குத் தான் வைத்திருக்கும் பெயர் நாத்தனார் என்றாள். கணவருக்கு அக்கா தங்கை இல்லாத குறையை அந்த ஆள்தான் தீர்த்து வைக்கிறாராம். எரிச்சலாக இருக்கும், ஆனால் அவர் சொல்வதெல்லாம் சரியாகவும் இருக்கும். அந்தப் பதினாலு விதியில் எட்டு அவர் சொல்லி எழுதியது. ஒரு வாரம் அவர் ஒன்றும் எழுதாமல் இருந்தபோது, உடம்பு சரியில்லையோ என்று கவலையாகக்கூட இருந்ததாம்.

"தம்பி, நாத்தனாருக்கு ஒரு பதில் போடுங்க" என்றாள் அண்ணி.

என்ன எழுத என்று கேட்டான். சௌக்கியமா என்று எழுதச் சொன்னாள். எழுதினான், அனுப்பினான்.

கூடத்து மூலையில் டிங் என்றது.

மாமனார் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார், அது வாய் திறந்து இன்னும் ஏதாவது சொல்லிவிடும் என்று பயந்தவரைப் போல. கொழுந்தனுக்கு நாக்கு நுனிவரை ஒரு நல்ல ஜோக் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கினான்.

ஒப்பனைக்காரி எழுந்து கூடத்துக்குப் போனாள். கணவன் குறுக்கே வரப் பார்த்தான். அண்ணி அவன் தோளில் கை வைத்து நிறுத்தினாள். மாமனார் நாற்காலி மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு ஜோடிக் கையுறையை எடுத்து மடியில் வைத்தார். தொழிற்சாலைக் காலத்து மஞ்சள் ரப்பர் கையுறை. வலது கையில் ஆள்காட்டி விரல் நுனி கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது.

நேற்று அவள் அவசரத்தில் அச்சுக்குள் தூசியை விட்டுவிட்டுப் போனாளாம். பெரிய நாடகம், முதல் நாடகம், தூசி இருந்தால் முகத்தில் புள்ளி விழும் என்று அவளே ஆறாவது பாடத்தில் சொல்லியிருக்கிறாள். அதனால் அந்தப் பாடத்தை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் துணியால் துடைத்திருக்கிறார். கடைசியில் சுத்தமாகிவிட்டதா என்று நெற்றியில் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்திருக்கிறார். தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சோதிக்கும் பழக்கம். இத்தனையையும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மகனிடம்தான் சொன்னார்.

"அவர்கிட்ட ஏன் சொல்றீங்க? நான் இங்கதானே நிக்கறேன்" என்றாள் மருமகள். "காலையிலிருந்து கத்திக்கிட்டு இருக்கேன். அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா பேசல. பேச ஆரம்பிக்கிற முதல் வார்த்தையே 'நான்தான் கெடுத்தேன்'னு இருக்கணுமாம்மா?"

அவர் மெல்லத் தொடர்ந்தார்.

"உன்மேல கோவம்னு நீ நெனச்சுக்கிட்டே. முப்பது வருஷம் ஊர்ல இருக்கறவன் கையையெல்லாம் காப்பாத்தினேன். என் பையன் கை வெந்தப்போ இதே நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு தடவை எழுந்து வந்து பாத்திருந்தா போதும். எந்த மூஞ்சியோட உன்கிட்ட பேசுவேன்?"

கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவர்ப்பக்கம் நின்றான். கொழுந்தனும் ஜன்னலை ஆராய ஆரம்பித்தான். அது திறந்துதான் இருந்தது.

அண்ணி மட்டும் வேலையை விடவில்லை. ஆறாவது பாடத்தைத் தன் போனில் தேடி எடுத்து நடுவில் பிடித்தாள். வீடியோவில் ஒப்பனைக்காரியின் குரல் உற்சாகமாகச் சொன்னது: கையுறை போட்டுக்கிட்டு அச்சை நல்லாத் துடைங்க, வெறுங்கையால தொடாதீங்க. அவ்வளவுதான். அடுத்த காட்சிக்குப் போய்விட்டது.

"எந்தக் கையுறைன்னு சொல்லலையேம்மா" என்றார் மாமனார். குற்றச்சாட்டாக இல்லை, வழக்கமாகக் கருத்து எழுதுவது போலத்தான் சொன்னார்.

ஒப்பனைக்காரி பட்டறைக்குத் திரும்பி, சுவரில் பதினாலாவது விதியின் முன்னால் நின்றாள். கையுறை போடாமல் அச்சைத் தொடாதே. தனக்கு வினைல் என்பது அத்தனை பழகிப்போய்விட்டதால், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவும் தோன்றவில்லை, எழுதவும் தோன்றவில்லை. பேனாவை எடுத்துக் 'கையுறை'க்கு முன்னால் 'வினைல்' என்று பெரிதாக நுழைத்தாள். அதன் அடியில் 'ரப்பர் கூடவே கூடாது' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். மணி பதினொன்று ஐம்பது.

"நாத்தனார்னு நெனச்சேன். மாமனாராப் போயிட்டீங்க" என்றாள் கூடத்தைப் பார்த்து. அழுகையும் சிரிப்புமாக இருந்தது. "வாங்க மாமா. நெத்தியைக் கெடுத்தது நீங்கதானே, அச்சை நீங்களே பிடிங்க."

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். வாசலைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று, ஜன்னலையும் காற்றாடியையும் அவள் மூக்கின் மேலிருந்த மூச்சுக் கவசத்தையும் பார்த்துத் தலையை ஆட்டினார். கணவன் தழும்புக் கையால் காபிக் கோப்பையை எடுத்து, யாரும் சொல்லாமலே மேஜையை விட்டுத் தள்ளி வைத்தான். அவள் பெட்டியிலிருந்து புது வினைல் கையுறை ஒன்றை உருவி மாமனாரிடம் நீட்டினாள். பழக்க தோஷம், வாங்கிய கையோடு மறுகையால் மேஜைமேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, ஆள்காட்டி விரல் நுனியில் வைத்தார்.

அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வெட்டாதீங்க மாமா. இனிமே போன் எதுக்கு? நான் பக்கத்துலயே நின்னு சொல்றேன்."